இந்தோனேசியாவில் இளைஞர்கள் ஏன் நிறுத்திய காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்?

"மணிக்கணக்கில் காருக்குள் ஜோடியாக இருக்கிறார்களே, வெட்கமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி கொடுத்த அடுக்குமாடி வீட்டில் தனியாக இருப்பவர் போலும். ஜகார்த்தாவில் கோஸ் என்னும் வாடகை அறையில் தங்கியிருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது.

நான் தங்கியது பெண்களுக்கான கோஸ். ஆண் விருந்தாளி, கூடப் பிறந்த அண்ணனே ஆனாலும், வராந்தாவைத் தாண்டக் கூடாது. பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே தொலைக்காட்சி பார்க்கும் சாக்கில் வீட்டுக்கார அம்மா.

பக்கத்து அறைப் பெண் ஜாவா முஸ்லிம். அவள் காதலன் மேடான் நகரிலிருந்து வந்த, பாதாக் இனத்துக் கிறிஸ்தவன். மதம் மாறாமல் மணம் செய்துகொள்ள வழி உண்டா என்பதுதான் அவர்களுடைய ஓயாத பேச்சு. நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிப் பதிவு செய்யலாம் என்றிருந்த நம்பிக்கையும் 2023இல் போயிற்று; அத்தகைய மனுக்களை ஏற்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இதை அந்த வராந்தாவில் உட்கார்ந்தா பேச முடியும்? தெருமுனையில் அவனுடைய தவணைக் காருக்குள் பேசினார்கள்.

ஒரு மழை இரவில் அந்தச் சில தெருக்களுக்குப் பொறுப்பான ஆர்.டி. தலைவர் வந்து, கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடியைத் தட்டினார். அவள் கைபேசியில் அழைக்க, நான் குடையோடு ஓடினேன். கதவைத் திறந்ததும் அவர் டார்ச்சு வெளிச்சத்தில் தெரிந்தது பாதி தின்ற மர்தபாக் பெட்டியும் அழுது வீங்கிய அவள் முகமும்தான். "இங்கே குடும்பங்கள் வசிக்கின்றன" என்று சொல்லி இருவருடைய அடையாள அட்டைகளையும் படம் எடுத்துக்கொண்டார். அவர்களும் குடும்பம் நடத்தத்தானே வழி தேடிக்கொண்டிருந்தார்கள்!

எல்லாக் கார்களிலும் கல்யாணப் பேச்சுதான் என்று நான் சாதிக்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நாடு முழுவதும் ஒரே மாதிரி என்றும் சொல்லவில்லை. இஸ்லாமியச் சட்டம் நடப்பிலுள்ள ஆச்சே மாகாணத்தில் மணமாகாத இருவர் தனித்திருந்தாலே பிரம்படி வரை போகும். மற்ற இடங்களில், 2022இல் நிறைவேறிய புதிய குற்றவியல் சட்டம் மணத்துக்கு வெளியே உடலுறவைக் குற்றமாக்கினாலும், வாழ்க்கைத்துணையோ பெற்றோரோ பிள்ளைகளோ புகார் கொடுத்தால்தான் வழக்கு. தெருப் பொறுப்பாளருக்கு அதில் வேலையே இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கோ இந்தக் கண்ணாடி மறைவுகூடக் கிடையாது.

அன்று கார் கிளம்பும்போது எங்கிருந்தோ விசில் ஊதிக்கொண்டு ஒருவர் முளைத்து, நிறுத்தக் கட்டணம் ஐயாயிரம் ரூபியா கேட்டார். அது பொதுத் தெரு. ரசீது கேட்டால் சிரிக்கிறார். கடை வாசல்களில் 'வாகன நிறுத்தம் இலவசம்' என்ற பலகைக்கு அடியிலேயே நின்று வசூலிப்பவர்கள் இவர்கள். இதைப் பற்றி ஏன் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை?