ஹேம்பர் வாங்கும் வீடுகளில் பசி கூடுதல் என்றால், ஹேம்பரால் பயனில்லையா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் கோயிலின் சார்பில், மாதந்தோறும் முதல் சனிக்கிழமை அறுபது குடும்பங்களுக்கு ஹேம்பர், அதாவது உணவுப் பொருள் பை, கொடுக்கிறோம். கொடையாளர் ஒருவர் பலன் என்னவென்று கேட்டதால், வாங்குபவர்களையும் அதே தெருக்களில் வாங்காதவர்களையும் விசாரித்தோம். வாங்கும் வீடுகளில்தான் பசி அதிகம் என்று தெரிந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? (கோயில் குழு உறுப்பினர் ஒருவர்)

பதில்: அம்மா, உங்கள் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அந்தக் கணக்கு உங்கள் ஹேம்பரின் பலனைச் சொல்லவில்லை, யார் உங்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஒரே தெருவில் நேற்றுவரை ஒரே வருமானத்தில் இருந்த வீடுகளிலும், போன மாதம் மகன் வேலை இழந்த வீடும், பாட்டியின் உதவித்தொகை நின்றுபோன வீடும்தான் கோயில் வாசலுக்கு வரும். பசி முன்னே வந்தது, ஹேம்பர் பின்னே வந்தது. இரு சாராரையும் ஒப்பிட்டால், கொடுப்பதால்தான் பசி வந்தது போலத் தோன்றும்.

இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவின் ‘ஸ்நாப்’ உணவு உதவித் திட்டத்திலும், உதவி பெறும் குடும்பங்கள் அதே வருமானமுள்ள மற்றக் குடும்பங்களைவிட அதிக உணவுப் பற்றாக்குறையைச் சொல்வதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வந்தார்கள். அந்நாட்டு வேளாண் துறைக்காக 2011–12-இல் நடந்த ஆய்வு இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. அப்போதுதான் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களை, ஏறத்தாழ ஆறு மாதமாக உதவி பெற்று வந்த குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள்; இரு சாராரும் உதவியை நாடி வந்தவர்களே என்பதால், இடையில் இருந்த பெரிய வேறுபாடு உதவி பெற்ற காலம்தான். புதிதாகச் சேர்ந்த குடும்பங்களையே ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்டுப் பார்த்தார்கள். உணவுப் பற்றாக்குறை சுமார் 5 முதல் 10 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது.

நீங்களும் இதையே செய்யலாம். புதிதாகப் பெயர் கொடுக்கும் குடும்பத்திடம் முதல் ஹேம்பர் கைக்குப் போகுமுன் கேளுங்கள்; ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை அதே வீட்டில் கேளுங்கள். இடத்தைவிடப் பெயர்கள் அதிகமானால் திருவுளச் சீட்டு எடுத்து, சிலருக்கு இப்போதும் சிலருக்கு மூன்று மாதம் கழித்தும் கொடுப்பது இன்னும் உறுதியான ஒப்பீடு. ஆனால் அடுப்பே எரியாத வீட்டைச் சீட்டில் சேர்க்காதீர்கள்; அவர்களுக்கு உடனே கொடுத்துவிட்டு, கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கேள்விகளை நீங்களாக உருவாக்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வகுத்த எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறையின் பொதுக் குடும்ப ஆய்விலும் 2019 முதல் அவை இடம்பெறுகின்றன. பணமில்லாததால் சாப்பாடு போதாமல் போகுமோ என்ற கவலையில் தொடங்கி, சத்தான உணவு கிடைக்காமை, ஒரே வகை உணவு, ஒரு வேளையைத் தவிர்த்தல், குறைத்து உண்ணுதல் என்று படிப்படியாகக் கடுமையாகி, நாள் முழுதும் உண்ணாதிருத்தலில் அவை முடியும். ‘பசி உண்டா, இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வி நம் மக்களிடம் பயன்படாது. ஒரு வீட்டில் பாட்டியிடம் அப்படிக் கேட்டபோது, ‘இல்லை, கடவுள் புண்ணியத்தில் குறையில்லை’ என்றார். பிள்ளைகளுக்குப் போதவேண்டும் என்று நீங்கள் குறைத்துச் சாப்பிட்டதுண்டா என்று கேட்டதும், மடியிலிருந்த துண்டை மடித்தபடி, ஒரு டின் பில்ச்சர்ட் மீனை ஐந்து பேருக்கு வைத்தால் தமக்குக் குழம்புதான் மிஞ்சும் என்றார். முதல் பதிலும் பொய்யில்லை; மானம் அப்படிப் பேச வைக்கிறது.

அதனால்தான் ஹேம்பரைத் தூக்கிக் கொடுக்கும் தொண்டரே கேள்வியும் கேட்கக்கூடாது. என்ன பதில் சொன்னாலும் ஹேம்பர் நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடையாளர் புகைப்படம் கேட்டாலும் எடுக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் கஷ்டம் கோயில் அறிக்கைக்கு அலங்காரமாகக் கூடாது.

காலத்தையும் கவனியுங்கள். புரட்டாசியில் விரதமும் அன்னதானமும் கூடுவதால், அம்மாத விடைகளை வேறு மாத விடைகளோடு ஒப்பிட முடியாது. ஜனவரியில் பள்ளிச் சீருடைச் செலவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே கடந்த முப்பது நாள்களைப் பற்றியே கேட்டு, இரு முறையும் மாதத்தின் ஒரே வாரத்தில் கேளுங்கள்.

கொடையாளரிடம் ஒரு கணக்கையும் வெளிப்படையாக வையுங்கள். அறுபது குடும்பங்களில் 5 முதல் 10 சதவீதம் என்பது மூன்று முதல் ஆறு குடும்பங்கள். அந்த அளவு வேறுபாடு தற்செயலாகவும் வரலாம். எனவே எட்டில் எத்தனை ‘ஆம்’ என்ற சராசரியைக் கொடுங்கள்; சிறு மாற்றமும் அதில் தெரியும். ஹேம்பர் என்ன செய்ய முடியாது என்பதையும் அவர் அறியட்டும். 2024-இல் அரசு வகுத்த உணவு வறுமைக்கோடு, அதாவது தேவையான உணவை மட்டும் வாங்கப் போதுமான தொகை, ஒருவருக்கு மாதம் 796 ராண்ட். அவ்வாண்டு ஏப்ரலில் அரசின் குழந்தை உதவித்தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 530 ராண்ட். அந்த இடைவெளியை மீலி மீல் எனும் சோளமாவும் எண்ணெயும் பருப்பும் கொண்ட ஒரு பை மட்டும் அடைத்துவிடாது. ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் தகுதியுள்ள பிள்ளைக்கு அந்த உதவித்தொகை கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைக்காதவர்களை விண்ணப்பிக்க வைப்பது ஹேம்பருக்கு இணையான தொண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அரசின் உதவித்தொகைகள் மாதத் தொடக்கத்தில் வருகின்றன. உங்கள் ஹேம்பரும் அதே வாரத்தில் வருகிறது; மாதக் கடைசியில்தான் கையில் ஒன்றும் மிஞ்சாது. கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்த ஏழை நோயாளிகள் மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தார்கள். சாட்ஸ்வர்த் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வயிறு காலியாக இருக்க, இன்சுலின் ஊசி மட்டும் நேரத்துக்குப் போகிற வீடுகள் எனக்குத் தெரியும். குழுவில் பேசி, ஹேம்பர் கொடுக்கும் நாளை இருபதாம் தேதிக்கு மாற்றிப் பாருங்கள். அடுத்த விசாரணையில், போன ஹேம்பர் எத்தனை நாள் வந்தது என்பதையும், சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்ட நாள் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.