அடுத்த வேலை எங்கே?

வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. தூத்துக்குடிக்கு ஐ.டி. கம்பெனிகளுக்கான நியோ டைடல் பார்க் வந்துவிட்டது. எங்களுக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தால் படித்த பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று ஓடாமல் ஊரிலேயே இருப்பார்கள்தானே?
– ஆலங்குளம் வாசகர்

பதில்: கட்டட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான். ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு கம்பெனிக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தேன். பாவூர்சத்திரத்துப் பையன் ஒருவன், பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன், சொந்த ஊர்ப் பக்கம் வரவேண்டும் என்று துடித்தான். சம்பளம் குறைவு. அதற்கும் சரி என்றான். கடைசியில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான்: "மேடம், இந்தக் கம்பெனி சரிவரலைன்னா அடுத்து நான் எங்க போறது?" கூடவே இன்னொன்று. அவன் மனைவி சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தார். "அவளுக்கு இங்க என்ன இருக்கு?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவன் வரவில்லை.

ஊருக்குத் திரும்ப நினைக்கிறவர்களை நிறுத்துவது பெரும்பாலும் சம்பளம் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை அவர்களைத் தடுப்பது இரண்டாவது வேலைதான். கம்பெனி மாறினாலும் வீடு மாறாமல் இருக்க முடியுமா, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்குமா என்பதுதான் கணக்கு. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2011-ல் அலுவலகம் போட்டது. கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு சாஃப்ட்வேர் செய்ய முடியும் என்று காட்டியது பெரிய காரியம். ஆனால் ஒரு மரம் எவ்வளவு பெரிதானாலும் தோப்பாகிவிடாது. மாவட்டத்துக்கு ஒரு பார்க் கட்டி, ஒவ்வொன்றிலும் நாலு கம்பெனி உட்கார்ந்தாலும் அதே கதைதான்.

திருநெல்வேலி ஜங்ஷனை நடுவில் வைத்து எழுபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மத்தளம்பாறை உள்ளே வரும். கங்கைகொண்டானில் டாடாவின் சோலார் தொழிற்சாலை, மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், தூத்துக்குடியில் துறைமுகம், அங்கேயே 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை, எல்லாம் வரும். நாகர்கோவில் ஓரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும். இதெல்லாம் ஒரே நகரமாக இருந்தால் எந்தப் பிள்ளை கிளம்பும்? நாலு மாவட்டமாக இருக்கிறது. நாலு கலெக்டர், நாலு வேலைவாய்ப்பு முகாம். ஆலங்குளத்துப் பெண்ணுக்குத் தூத்துக்குடியில் காலி இடம் இருப்பது தெரிவதற்குள் அவள் வேளச்சேரியில் ஹாஸ்டல் பார்த்திருப்பாள்.

முகாமைச் சேர்ந்து நடத்துவது சுலபம், அதை நாளைக்கே செய்யலாம். கஷ்டமானது போக்குவரத்து. ஒன்பதுக்கு முன்னால் கொண்டு சேர்த்து, ஆறு மணிக்குப் பிறகு ஏற்றிக்கொண்டு வருகிற ரயில் வேண்டும். தென்காசி–நெல்லை அகல ரயில்பாதை 2012-லேயே வந்துவிட்டது. தண்டவாளம் இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்களை நினைத்து அட்டவணை போடவேண்டும். அப்புறம், இரவு எட்டு மணிக்கு ஜங்ஷனில் இறங்குகிற பெண் வீடு போய்ச் சேர பஸ் வேண்டும். இது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது.

ஸ்வீடனில் மால்மோ என்று ஒரு ஊர். கப்பல் கட்டும் தளத்தை நம்பி வாழ்ந்தது, தளம் படுத்துவிட்டது. 2002-ல் அங்கிருந்த ராட்சத கிரேனை ஒரு டாலருக்குக் கொரியாவுக்குக் கொடுத்தார்கள். அது கடலில் போவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அழுதார்களாம். அதற்குள்ளேயே வேறு வேலைகள் ஆரம்பித்திருந்தன. 1998-ல் பல்கலைக்கழகம் வந்தது. 2000-ல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் பாலம் திறந்தது, ரயிலில் அரை மணிச் சொச்சம். வாடகை குறைவான மால்மோவில் குடியிருந்து கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறவர்கள் பெருகினார்கள். நடுவில் கடலும் இரண்டு அரசாங்கமும் இரண்டு நாணயமும் இருந்தும் செய்தார்கள். நமக்கு நடுவில் இருப்பது தாமிரபரணி ஒன்றுதான்!

கேள்வி: என் மகளுக்கு நெல்லையில் ஒரு வேலை, சென்னையில் ஒரு வேலை. இரண்டும் முதல் வேலை. நெல்லையையே எடுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரிதானா?
– பாளையங்கோட்டைத் தாய்

பதில்: சென்னைக்குப் போகட்டும் அம்மா. முதல் மூன்று வருடம் நாலு பேரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற காலம். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தைவிட ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் அது வேகமாக நடக்கும். அவள் திரும்பி வர நினைக்கும்போது கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் நம் கவலையாக இருக்கவேண்டும். போன் செய்யும்போதெல்லாம் "எப்ப வர்றே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏன் அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பவில்லை?
– வள்ளியூர் வாசகர்

பதில்: ஒரு தடவை திரும்பினேன், 1998-ல். நெல்லையில் ஒரு சின்ன நிறுவனம். அம்பையிலிருந்து காலை பஸ், கையில் எலுமிச்சம் சாதம், ஜன்னல் ஓரத்தில் வயல். அதைவிட நல்ல ஒன்றரை வருடம் எனக்கு வாய்க்கவில்லை. பிறகு அந்த இடத்தை மூடினார்கள். நாலு மாதம் தேடினேன். என் வேலைக்கு ஊரில் இன்னொரு நாற்காலி இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். இப்போது பொங்கலுக்குப் போவதோடு சரி, அதுவும் அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து டிக்கெட் பிடிக்க முடிந்தால்.