பட்டியல் தர மாட்டேன்

கேள்வி: உலக நாவல்கள் படிக்க ஆசை. வாசக நண்பர்கள் சொன்னார்கள் என்று இதுவரை ஆறு மொழிபெயர்ப்பு நாவல்கள் வாங்கினேன். நாலைப் பாதியில் மூடிவிட்டேன். இனி அடுத்தவர் பேச்சைக் கேட்டு எதையும் வாங்குவதாக இல்லை. ஆசிரியர் என்ற முறையில், கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய நூறு நாவல்களின் பட்டியல் ஒன்றை நீங்கள் தரலாமே? பரிசு வாங்கியவையாக இருந்தால் நல்லது.

பதில்: அடுத்தவர் பேச்சைக் கேட்பதில்லை என்று ஒரு வரியில் சபதம் செய்துவிட்டு, அடுத்த வரியில் என் பேச்சைக் கேட்கிறீர்கள். நானும் அடுத்தவன்தான்.

பட்டியல் தர மாட்டேன். கேட்டால் ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம்; அதுதான் அதில் உள்ள கோளாறு. நூறில் நான் உண்மையாகவே ரசித்துப் படித்தது ஐம்பது தேறும். இருபது, படித்ததாக ஞாபகம். மீதி, பட்டியல் போடுகிறவனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சேர்ப்பது.

ஆறில் இரண்டு பிடித்திருக்கிறது என்றால் அது மோசமில்லை, என் கணக்கு அதைவிடக் கீழே. ஆனால் அந்த இரண்டைச் சொன்னது யார், நாலைச் சொன்னது யார்? கடிதத்தில் அது இல்லை. ‘வாசக நண்பர்கள்’ என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அவிழ்த்துப் பாருங்கள். இரண்டையும் சொன்னது ஒரே ஆளாக இருந்தால் உங்களுக்குப் பட்டியலே தேவையில்லை.

கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் 1961ல் மெக்சிகோ நகரத்துக்குக் குடிவந்தார். சில புத்தகங்கள் எழுதியிருந்தார். மேலே எப்படிப் போவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்ற நேரம். நண்பர் ஆல்வரோ மூத்திஸ் ஒரு கட்டுப் புத்தகத்தோடு ஏழு மாடி ஏறி வந்து, அதில் இருந்ததிலேயே ஒல்லியான ஒன்றை உருவி, படித்துக் கற்றுக்கொள் என்று ஒரு வசவும் சேர்த்துக் கொடுத்தாராம். மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் ‘பெட்ரோ பராமோ’ நாவல். அன்றிரவு இரண்டு முறை படித்து முடித்த பிறகுதான் தூங்கினேன் என்று மார்க்கேஸே எழுதியிருக்கிறார். கையில் ஒரு கட்டு இருந்தும் மூத்திஸ் உருவியது ஒன்றைத்தான். எதிரே நிற்கிறவனுக்கு அன்றைக்கு எது குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை எந்த நூறு பட்டியல் செய்யும்?

சரி, பரிசுக்கு வருகிறேன். பரிசை நான் குறை சொல்லவில்லை. சர்வதேச புக்கர் பரிசு 2016லிருந்து ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நூலுக்குத் தரப்படுகிறது. 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதி. மொழிபெயர்ப்பாளர் ஒரு நாவலோடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவர். பிடித்த இரண்டின் அட்டையைத் திருப்பி, மொழிபெயர்த்தது யார் என்று பாருங்கள். அதே ஆள் வேறு என்ன செய்திருக்கிறார் என்று தேடுங்கள். நான் கண்ட நல்ல நாவல்களில் பாதி இந்த வழியாக வந்தவை.

பரிசும் விற்பனையும் கைவிட்டதை ஒரு வாசகர் தூக்கி நிறுத்தியதும் உண்டு. ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’ 1965ல் அமெரிக்காவில் வந்தது. சுமார் 2,000 பிரதி விற்று, அச்சிலிருந்தே போய்விட்டது. 1994ல் ஆசிரியரும் போய்ச் சேர்ந்தார். 2006ல் மறுபதிப்பு வந்தது. அப்புறம் அன்னா கவால்தா என்ற பிரெஞ்சு நாவலாசிரியை, தன் புத்தகங்களே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்து இதை மொழிபெயர்த்தார். 2011ல் அது வெளிவந்த பிறகுதான் ஐரோப்பா முழுக்க இந்த நாவல் பரவியது. மொழிபெயர்ப்பும் ஒரு சிபாரிசுதான், கொஞ்சம் முதுகு வலிக்கிற சிபாரிசு.

நல்ல சிபாரிசு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ‘அருமை, தவற விடாதீர்கள்’ என்பது சிபாரிசு அல்ல, கைதட்டல். என்னோடு வேலை பார்த்த மெய்ப்பு திருத்துபவர் ஒருவர் எதையும் புகாரோடுதான் ஆரம்பிப்பார். ஒரு தடித்த ருஷ்ய நாவலைக் கொடுத்தபோது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். பென்சிலில் பொடி எழுத்து. ‘சாஷாவும் அலெக்சாந்தரும் ஒரே ஆள், குழம்பாதே. எழுபதாம் பக்கம் வரை ரயிலடிக் கூட்டம், யார் யாரென்று விசாரிக்காதே. தபால்காரன் வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு, கோபிக்க மாட்டேன்.’ தபால்காரன் நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில் வந்தான். நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை; அதற்குத்தான் அவர் கோபித்துக்கொண்டார்.

ஆன் மோர்கன் என்ற பிரிட்டிஷ் வாசகி 2012ல், ஒரே வருடத்தில் உலகின் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு புத்தகம் படிப்பதென்று இறங்கினார். என்ன படிப்பது என்று ஊர் உலகத்தையே கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் கோலாலம்பூரில் கடைக்குப் போய்த் தானே தேர்ந்தெடுத்து அனுப்பிவைத்தார். சாவோ தோமே பிரின்சிப்பி என்ற தீவு நாட்டுக்கு ஆங்கிலத்தில் எதுவும் அகப்படவில்லை. தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து போர்த்துக்கீசிய மொழியிலிருந்து ஒரு புத்தகத்தை அவருக்காகவே மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்பதில்லை என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கங்கள் ஆங்கிலத்துக்கே வந்திருக்காது.

மூடிய நாலையும் யார் சொன்னார்களோ அவர்களிடம் போய், எந்தப் பக்கத்தில் மூடினீர்கள், ஏன் என்று சொல்லிவிட்டீர்களா? சொல்லாமல் விட்டால் அடுத்த முறையும் அதே மாதிரி ஒன்றைத்தான் தருவார்கள். அவர்கள் என்ன ஜோசியமா பார்க்கிறார்கள்?

அப்புறம், பிடித்த இரண்டின் பெயரை நீங்கள் எழுதவேயில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். புகாரோடு.