ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்: நாவல், மங்கா, அனிமே – எதை எந்த வரிசையில் எடுப்பது?

கேள்வி இது: "2024-இல் வந்த ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப் அனிமேயை முடித்துவிட்டேன். மீதிக் கதைக்கு நாவலா, மங்காவா? 2008-இல் வந்த பழைய அனிமேயையும் பார்க்க வேண்டுமா?"

நாவலின் 5ஆம் தொகுதியை எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள். மங்கா, அதாவது படக்கதை வடிவம், இப்போதைக்கு வேண்டாம். பழைய அனிமேயைப் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இசுனா ஹசெகுரா எழுதிய இந்த லைட் நாவலின் (இளைஞர்களுக்கான, இடையிடையே படம் வரும் ஜப்பானிய நாவல்) மூலக் கதை 2006 முதல் 2011 வரை 17 தொகுதிகளாக வந்தது. ஊர் ஊராக வண்டியில் சரக்கு ஏற்றித் திரியும் 25 வயது வணிகன் லாரன்ஸ், அவன் வண்டியில் ஏறிக்கொள்ளும் ஓநாய்த் தெய்வம் ஹோலோ, இந்த இருவரும்தான் கதை. வாள்சண்டை, மந்திரம் எல்லாம் ஏறக்குறைய இல்லை. எதிரியின் இடத்தில் கடன், விலைச் சரிவு, ஒப்பந்தத்தின் சிறு எழுத்து இவைதான் நிற்கும். அதனால் எந்த வடிவம் நல்லது என்பதைப் படத்தின் அழகைவிட, கணக்கு உங்களுக்குப் புரிகிறதா என்பதே முடிவு செய்கிறது.

முதல் தொகுதியின் நாணய விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளி நாணயத்தில் வெள்ளியின் அளவு கூடப்போகிறது, இப்போதே பழையதை வாங்கிச் சேர்த்தால் பிறகு ஒன்றுக்கு ஒன்று மாற்றி லாபம் பார்க்கலாம் என்று ஓர் இளைஞன் லாரன்ஸிடம் ஆசை காட்டுகிறான். ஹோலோ நாணயங்களைச் சுண்டிவிட்டுக் காதால் கேட்கிறாள். வெள்ளி கூடவில்லை, குறைகிறது. இதுவரை அனிமேயிலேயே தெளிவாகப் புரியும். அடுத்த படிதான் சிக்கல்: மதிப்பு இறங்கப்போகும் நாணயத்தை ஒரு பெரிய வணிக நிறுவனம் ஏன் ரகசியமாக வாங்கிக் குவிக்கிறது? ஒரு பேச்சுக்கு, பழைய நாணயம் 10-ஐ உருக்கிக் கலப்படம் சேர்த்தால் புதியது 12 வார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஜானா காலியான அரசனுக்கு அந்த 2 நாணயம் சும்மா வருகிறது. ஆனால் உருக்குவதற்கு முதலில் பழைய நாணயம் கையில் இருக்க வேண்டும், அது அவனிடம் இல்லை. அதைக் குவித்து வைத்திருப்பவன் அரசனிடம் போய்ப் பணம் கேட்க மாட்டான், வணிக உரிமையும் வரிச் சலுகையும் கேட்பான். அனிமேயில் இது சில நிமிட வசனத்தில் ஓடிவிடும். நாவலில் லாரன்ஸ் இதை ஒவ்வொரு கண்ணியாகக் கோப்பதைப் பார்க்கிறோம். புரியாவிட்டால் இரண்டு பக்கம் பின்னால் திருப்பிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. இரண்டாம் தொகுதியில் மிளகு விற்கும் காட்சி. தராசில் குறையில்லை, எடைக்கற்களிலும் குறையில்லை. தராசு நிற்கும் மேசைதான் இம்மி அளவு சாய்ந்திருக்கிறது. ஹோலோ தலைசுற்றுவதுபோல் நடித்துத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதை மேசைமேல் ஊற்றுகிறாள். தண்ணீர் ஒரே பக்கமாக ஓடுகிறது. இதைக் கண்ணால் பார்ப்பதுதான் சுவை, எழுத்தில் பாதிதான் வரும். ஆனால் அதன் பின்விளைவு மறுபடி நாவலின் பக்கம் சாய்கிறது. மோசடியைப் பிடித்த தெம்பில், வாயை மூடிக்கொள்வதற்கு விலையாக, கையிலிருக்கும் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்குக் கவசங்களைக் கடனில் பேசி வாங்குகிறான் லாரன்ஸ். வடக்கே வருடாவருடம் போகும் படையெடுப்பு அந்த ஆண்டு ரத்து. கவசத்தை வாங்க ஆளில்லை, 47 லூமியோன் (கதையில் வரும் தங்கக் காசு) கடனாக நிற்கிறது. பேராசை எந்த நொடியில் புத்தியை முந்தியது என்பது அவன் மனதுக்குள் உட்கார்ந்து படித்தால்தான் உறைக்கும்.

அந்த மனதுக்குள் உட்காருவது இன்னொரு வகையிலும் முக்கியம். நாவல் ஏறக்குறைய முழுக்க லாரன்ஸின் பார்வையில் போகிறது. ஹோலோ என்ன நினைக்கிறாள் என்பதை அவனோடு சேர்ந்து நாமும் ஊகிக்கிறோம், பல சமயம் தப்பாக. அனிமேயில் கேமரா அவள் முகத்துக்குப் போய்விடுவதால் அந்த ஊகத்தில் பாதி கரைந்துவிடுகிறது. அதற்கு ஈடாக அங்கே குரல் கிடைக்கிறது. ஜப்பானியத்தில் ஹோலோ தன்னை "வாச்சி" என்றும் எதிராளியை "நுஷி" என்றும் சொல்வாள். பழங்காலக் கணிகையர் பேச்சின் சாயல் கொண்ட மொழி அது. ஆங்கில வசன வரிகளில் இதெல்லாம் "நான், நீ" என்று தட்டையாகிவிடும். அமி கொஷிமிசுவின் குரலில்தான் அந்தக் கிழவித்தனமும் குறும்பும் ஒன்றாக வரும். இரண்டு அனிமேயிலும் ஹோலோவுக்கு அவரேதான், லாரன்ஸுக்கு ஜுன் ஃபுகுயாமாவேதான்.

இப்போது அந்தப் பள்ளம். 2008 சீசன் 13 எபிசோடுகளில் 1, 2 தொகுதிகளை எடுத்தது. 2009 சீசன் 12 எபிசோடுகளில் 3-ஐயும் 5-ஐயும் எடுத்தது. 4ஆம் தொகுதி அப்படியே காணோம். டெரியோ கிராமம், அங்கே தேவாலயத்தைத் தனியாகத் தாங்கும் எல்சா, நச்சுத் தானியம் கலந்துவிட்டதென்று பக்கத்து நகரம் கிராமத்தின் கழுத்தை நெரிப்பது, எல்லாம் போயிற்று. எல்சா பின்னால் திரும்பி வருகிறவள், பழைய அனிமேயை மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. போதாக்குறைக்கு 5ஆம் தொகுதி முடியும்போது, அதில் வரும் ஈவ் என்ற பெண் வணிகரின் விவகாரம் தீர்வதில்லை, 6-இல் ஆற்றுவழியே படகில் தொடர்கிறது. 2009 சீசன் அங்கேயே நின்றுவிட்டது. எனவே பழைய அனிமேயிலிருந்து வருகிறவர்கள் முதலில் 4, பிறகு 6 என்று போகவேண்டும். 2024 பதிப்பு 4-ஐச் சேர்த்துக்கொண்டதால்தான் உங்களுக்கு 5 என்றேன்.

இன்னொரு மாற்றம்: நாவலில் லாரன்ஸுக்குப் பழக்கமான, பின்னால் எதிராகத் திரும்பும், ஹோலோ முன்பு தெய்வமாக இருந்த கிராமத்துக்காரன் யாரெய் என்ற ஆண். 2008 அனிமே அவனை எடுத்துவிட்டு, லாரன்ஸ்மேல் ஒரு கண் வைத்திருக்கும் க்ளோயி என்ற பெண்ணை வைத்தது. துரோகத்துக்குக் காதல் பொறாமையின் வாடை ஏறியது. கிராமம் தன் பழைய தெய்வத்தைத் தேவையில்லை என்று கைகழுவுகிறது என்ற கசப்பு அதில் மங்கிவிட்டது. 2024 பதிப்பில் யாரெய் திரும்பிவிட்டான், அதுதான் சரி.

புதியது இழுவை என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டால் அப்படியில்லை: 25 எபிசோடுக்கு 4 தொகுதி, பழையதும் தொகுதிக்கு ஆறு எபிசோடு அளவில்தான் நகர்ந்தது. ஆனால் பழையதன் அந்திவெயில் நிறத்துக்கு ஈடில்லை என்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன்.

மங்காவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கெய்தோ கொஉமே வரைந்தது, 16 தொகுதி. சந்தை, வண்டி, உடை எல்லாம் நுணுக்கமான கை. ஆனால் நாவலின் எல்லாக் கதையையும் அது எடுக்கவில்லை, கணக்கு விளக்கங்களையும் பேச்சுக் குமிழிக்குள் அடக்கவேண்டிய கட்டாயம். ஹோலோவின் நிர்வாணத்தையும் அது கூச்சமில்லாமல் வரைகிறது, பேருந்தில் திறந்து படிக்க ஏற்றதல்ல. நாவலை முடித்தபின் பிடித்த காட்சிகளைப் பார்ப்பதற்கு வாங்கலாம்.

நாவலை வாங்கும்போது ஒன்று: 7, 11, 13 மூன்றும் சிறுகதைத் தொகுதிகள், கதை நகராது. தொடர்ச்சி அறுபடுகிறதென்றால் தள்ளிவைத்துப் பிறகு படிக்கலாம். 7-இல் உள்ள கடைசிக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் தொகுதி முடிந்த கையோடு நடப்பது, ஹோலோ காய்ச்சலில் படுத்திருக்கிறாள், கதை அவள் பார்வையில் போகிறது. அதுவரை அவளை ஊகித்தே வந்த வாசகருக்கு, தன் ஊகத்தில் எது சரி எது தப்பு என்று சரிபார்த்துக்கொள்ள அங்கேதான் வாய்ப்பு.