எஸ்விசிஹோஸ்ட் ரோமிங் கோப்புறையில் இருந்தால்

நீங்கள் கண்ட ‘எஸ்விசிஹோஸ்ட்’ (svchost.exe; விண்டோஸின் பின்னணிச் சேவைகளை இயக்கும் நிரலின் பெயர்) உங்கள் பயனர் கணக்கின் ‘ரோமிங்’ கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்றால், அதை விண்டோஸின் கோப்பு என்று நம்ப வேண்டாம். உண்மையானது விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சிஸ்டம்32’ அல்லது ‘சிஸ்வாவ்64’ என்பவற்றிலிருந்தே இயங்கும்.

திருநெல்வேலியில் போட்டோக்கொப்பிக் கடையொன்றில் பென்ட்ரைவைச் செருகிய மறுநாள் இது தோன்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பலருடைய பென்ட்ரைவ்கள் நாள் முழுவதும் மாறி மாறிச் செருகப்படும் கணினியிலிருந்து அது தொற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். என் தங்கையின் பென்ட்ரைவில் கோப்புறைகள் மறைந்து, அதே பெயர்களில் குறுக்குவழிகள் மட்டும் நின்றன. உள்ளே ஒளிந்திருந்த கோப்பின் பெயரில் ‘வி’யும் ‘சி’யும் இடம் மாறியிருந்தன. ஆகவே எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மனேஜரில் அதன்மேல் வலது சொடுக்கி, கோப்பின் இடத்தைத் திறந்து உறுதிசெய்யுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கிவிடாதீர்கள்.

2. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ (Get-FileHash) கட்டளையால் கிடைக்கும் எஸ்எச்ஏ-256 குறியீட்டை (கோப்பின் கைரேகை போன்றது), பல வைரஸ் தடுப்பு நிரல்களின் முடிவுகளைக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். கோப்பைப் பதிவேற்றத் தேவையில்லை.

3. விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை (விண்டோஸ் தொடங்குமுன் நடப்பது) ஓட்டுங்கள்; பென்ட்ரைவையும் தனியாகச் சோதியுங்கள்.

வைரஸ்டோட்டலில் அந்தக் குறியீடு இல்லையென்பதால் கோப்பு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அத்துடன், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள விண்டோஸ் 10 கணினியில் பல சேவைகள் தனித்தனியே இயங்குவதால், இதே பெயர் பல தடவை தெரிவது வழமை. ‘சிஸ்டம்32’இல் உள்ளதை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.