கத்திரி வெயிலுக்கு என்ன உடுத்தலாம், பதினொரு மணிக்கு என்ன சாப்பிடலாம்?

கிருஷ்ணகிரியில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சித்திரை பிறந்தால் என்னிடம் வருகிற கேள்விகள் இரண்டு வகைதான். வெயிலுக்கு எந்தத் துணி எடுப்பது, கையில் இருக்கிற காசுக்கு எங்கே எடுப்பது என்பது ஒன்று. காலையில் டீயோடு கிளம்பி, கடைகளைச் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்குப் பசிக்கும்போது எதைச் சாப்பிடுவது என்பது இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டவர்களுக்குச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம், கல்லூரி மாணவி: அக்கா, ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு நல்ல சுடிதார் டாப் வேண்டும். பர்கூர் போகவா, ஆன்லைனில் வாங்கவா?

பர்கூர் போ கண்ணு. குட்டி சூரத் என்று நம் பக்கத்தில் பேர் வாங்கிய ஊர் அது. வரிசையாக ஜவுளிக்கடை, மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. ஆனால் ரெடிமேட் டாப்பாக எடுக்காதே, துணியாக எடு. பன்னா, அதாவது துணியின் அகலம், 44 இஞ்ச் இருந்தால், முழங்காலுக்குக் கீழே வருகிற டாப்புக்குக் கையோடு சேர்த்து இரண்டரை மீட்டர் போதும். போன கோடையில் நான் எடுத்த கேம்பிரிக் (நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி) அச்சுத்துணி மீட்டர் 120 ரூபாய். அதாவது துணிக்கு 300, மிச்சம் தையல்கூலிக்கு. உன் ஐந்நூறுக்குள் அடங்கிவிடும், அளவும் உனக்கே உனக்கானதாக இருக்கும்.

காலையிலேயே போய்விடு. கடைக்குள் எரிகிற வெள்ளை லைட்டில் எந்தத் துணியும் அழகாகத்தான் தெரியும். பிடித்ததை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அடியில் கையை விட்டுப் பார். விரல் வரிவரியாகத் தெரிந்தால் அதற்கு லைனிங் வைக்க வேண்டிவரும். லைனிங் வைத்தால் செலவும் கூடும், புழுக்கமும் கூடும். கை நிழலாக மட்டும் தெரிகிற துணிதான் கோடைக்குச் சரி.

தருமபுரி, பள்ளி ஆசிரியை: எந்தத் துணியைக் கேட்டாலும் கடைக்காரர் "பியூர் காட்டன்" என்றுதான் சொல்கிறார். நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

டீச்சர், எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் துணியின் ஒரு மூலையைக் கைக்குள் பிடித்துப் பத்து எண்ணும்வரை இறுக்கி விடுங்கள். பருத்தி கசங்கிய தடத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் கலந்தது உடனே விரிந்து நிமிர்ந்துவிடும். கசங்காத துணி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோமே, அங்கேதான் கோடையில் ஏமாறுகிறோம். வேர்வையை உறிஞ்சுகிற துணி கசங்கத்தான் செய்யும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரியும், காகிதம் கருகுகிற வாசம்தான் வரும், சாம்பலைத் தொட்டால் பொடிந்துவிடும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கடுகு மாதிரி கெட்டியாக ஒரு முடிச்சு நிற்கும். இரண்டும் கலந்த துணியில் எரியவும் செய்யும், விரலில் நெருநெருவென்று முடிச்சும் தட்டுப்படும்.

ஆனால் ரேயான் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல் என்பதால் அதுவும் காகிதம் மாதிரிதான் எரியும். அதற்கு வேறு வழி இருக்கிறது. நூலை நனைத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஈரம் பட்ட ரேயான் சட்டென்று அறுந்துவிடும். பருத்தி நூல் ஈரத்தில் இன்னும் பலமாகும். ரேயான் கெட்ட துணி என்று சொல்ல மாட்டேன், உடம்பில் குளுகுளுவென்றுதான் கிடக்கும். ஈரமாக இருக்கும்போது அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழியக் கூடாது, அவ்வளவுதான். பருத்தி விலை கொடுத்து ரேயான் வாங்கிவரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எதுவாக இருந்தாலும் தைக்கும் முன் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தித் தாருங்கள். தையல் பழகிய புதிதில் ஒரு பெண்ணுக்கு ஊறப்போடாமல் தைத்துக் கொடுத்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே கை நீளம் முழங்கைக்கு ஏறிவிட்டது. அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நனைக்காத பருத்தித் துணியில் நான் கத்தரி வைப்பதில்லை.

அரூர், புதிதாகக் கல்யாணமான பெண்: போச்சம்பள்ளி சேலை நம்ம போச்சம்பள்ளி சந்தையில் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்காதும்மா. அந்தச் சேலைக்குப் பேர் கொடுத்தது தெலங்கானாவில் இருக்கிற பூதான் போச்சம்பள்ளி. நம் போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவது வாரச்சந்தை. தானியம், ஆடுமாடு, காய்கறி என்று எல்லாம் வாங்கலாம், அந்தச் சேலைக்கு அங்கே நெசவு கிடையாது.

அந்த நெசவில் நூலை முதலிலேயே முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, அப்புறம்தான் தறியில் ஏற்றுவார்கள். அதனால் பூவின் ஓரம் கத்தரித்த மாதிரி நிற்காமல் லேசாகக் கசிந்திருக்கும், பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும். பின்பக்கம் வெளிறிப்போய் இருந்தால் அது அச்சடித்த சேலை. அச்சுச் சேலையை அச்சுச் சேலை விலைக்கு வாங்கினால் தப்பே இல்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டை, இல்லத்தரசி: காட்டன் சேலைதான் கட்டுகிறேன், ஆனாலும் வேர்த்து ஊற்றுகிறது. ஏன்?

உள்ளே என்ன பாவாடை என்று பாருங்கள். பளபளவென்று சாட்டின் பாவாடை கட்டிக்கொண்டு மேலே எவ்வளவு நல்ல ‘வாயில்’ என்கிற மெல்லிய பருத்திச் சேலை சுற்றினாலும் பலன் இல்லை. உடம்பில் ஒட்டிக் கிடப்பது பாவாடைதானே. காட்டன் பாவாடை இரண்டு வாங்கிவிடுங்கள், சேலையை மாற்றுவதைவிட செலவு குறைவு. ரவிக்கையும் அப்படித்தான். லைனிங் வைத்தே ஆகவேண்டும் என்றால் காட்டன் லைனிங் என்று தையல்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கையில் கிடைத்ததை வைத்துவிடுவார்கள்.

ஓசூர், ஷிப்ட் வேலைக்குப் போகும் தம்பி: டீ-ஷர்ட் எந்த மாதிரி எடுக்க?

திருப்பூர் பனியன் துணியில் ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்கு உண்டு தம்பி. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. கோடைக்கு 140இலிருந்து 160 வரை போதும். 220க்கு மேல் போகிற தொளதொள டீ-ஷர்ட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததுமே புழுக்கம் தெரிந்துவிடும். வெளிர் நிறமாக எடுத்துக்கொள்.

தருமபுரிக்கு மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம்: ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து ஒரே வேளையாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இந்த ஊருக்கே உரிய சாப்பாடு எது?

களிதான் சார். இட்லி தோசையை எந்த ஊரிலும் சாப்பிடலாம். ராகி விளைகிற மண்ணுக்கு வந்துவிட்டு களி சாப்பிடாமல் போகக் கூடாது.

எங்கள் வீட்டில் செய்வது இப்படி. அரிசி நொய்யைக் குழைய வேகவிடுவோம். அது தளதளவென்று கொதிக்கும்போது ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கட்டையால் ஒரு குழி மட்டும் போட்டு மூடிவிடுவோம். அந்த நேரத்தில் கிளறினால் கட்டி விழுந்துவிடும். பத்து நிமிடம் ஆவியில் வெந்த பிறகு இறக்கி வைத்துப் பாத்திரம் ஆடாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். என் அத்தை கிண்டும்போது தோள்பட்டை மொத்தமும் அசையும், கட்டை அடியில் உரசுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் வெந்ததற்கு அடையாளம். அப்புறம் நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டித் தட்டில் வைத்தால், கருஞ்சிவப்பில் பளபளவென்று நிற்கும்.

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் மென்று பார்த்துவிட்டுப் பல்லில் ஒட்டுகிறது என்பார்கள். மெல்லாதீர்கள். சின்னதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குங்கள். கோடையில் கீரைக் கடைசலும் நிலக்கடலைச் சட்னியும் தோதாக இருக்கும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு. கொள்ளுக் கடைசல் எனக்கு உயிர், ஆனால் உடம்புக்குச் சூடு என்பதால் எங்கள் வீட்டில் அதை மழைக்காலத்துக்கு ஒதுக்கிவிடுவோம்.

மிஞ்சிய உருண்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் குடியுங்கள். பதினொரு மணி வெயிலில் வெளியே போய் வந்து இதைக் குடித்தவருக்கு மதியச் சாப்பாட்டு நினைப்பே வராது.

பாலக்கோடு, அறுபது வயது அம்மா: சர்க்கரை இருக்கிறது. களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்களே?

வேண்டாம்மா. ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேலே. நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான், அதில் அரிசிக்கு ரொம்பக் குறைந்ததில்லை. ஒரு சின்ன உருண்டையும் தட்டில் பாதி கீரையுமாகச் சாப்பிடுங்கள். எத்தனை உருண்டை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கிருஷ்ணகிரி, கடை வைத்திருப்பவர்: துணி எடுக்க வருகிற சொந்தக்காரர்களுக்கு நம்ம ஊர் ருசியாக எதைக் காட்டலாம்?

மாங்காய் காலமாக இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும் அண்ணா. செந்தூரா முன்னால் வந்துவிடும், நீலம் கடைசியில் வரும். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்கிறோமே, மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற காய், அதைப் பழுக்கும் முன்பே கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுங்கள். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நறுக்கென்று இருக்கும். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் கூட்டிப்போனால் பொரித்த மீன் சூடாகக் கிடைக்கும். தருமபுரி வழியாகத் திரும்புகிறவர்கள் என்றால் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு (தட்டை மாதிரி மொறுமொறு பலகாரம்) வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், நான்கு நாள் வைத்துச் சாப்பிடுவார்கள்.

பென்னாகரம், இரண்டு பிள்ளைகளின் தாய்: ஒகேனக்கல் போகிறோம். காட்டனே போடலாமா?

அங்கே மட்டும் வேண்டாம். நனைந்த பருத்தி கனக்கும், சீக்கிரம் காயாது. அருவியில் குளிக்கவும் பரிசலில் போகவும் பழைய பாலியஸ்டர் துணிதான் நல்லது, பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும். குளித்து முடித்துப் போட்டுக்கொள்ளக் காட்டனைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். குளிக்கப் போகும் முன்பே கொடுத்துவிட்டால் பசியோடு காத்திருக்க வேண்டாம்.

மத்தூர், கைக்குழந்தைக்காரி: குழந்தைக்கு என்ன துணி?

மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ஜப்லா, அதாவது குழந்தைச் சட்டை. கழுத்தில் லேஸ், எலாஸ்டிக் எதுவும் வேண்டாம். தாத்தாவின் பழைய வேட்டி மெத்தென்று இருந்தால் துவைத்துக் கொண்டுவா, தைத்துத் தருகிறேன். புதுத் துணியைவிட அது குழந்தைக்கு இதமாக இருக்கும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற ஐயா: போன வாரம் கல்யாணத்தில் வெள்ளை வேட்டியில் குழம்பு கொட்டிவிட்டது. சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. வேட்டி போனதா?

போகவில்லை ஐயா, பயப்படாதீர்கள். மஞ்சள் சோப்பில் பட்டால் சிவக்கும், அது மஞ்சளின் குணம். தண்ணீரில் நன்றாக அலசினால் சிவப்பு இறங்கித் திரும்ப மஞ்சளாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசி, கறை பட்ட இடம் மேலே தெரிகிற மாதிரி ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்துவிடுங்கள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. கத்திரி வெயில் என்றால் இரண்டு மூன்று நாளில் தடமே தெரியாமல் வெளுத்துவிடும். மாம்பழச் சாறு பட்டாலும் இதே வழிதான்.

மாங்காய்ப் பால் பட்டால் மட்டும் கதை வேறு. காய்ந்து கறுத்துவிட்டால் எதற்கும் போகாது. அதனால் காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டு, காயைக் கழுவிய பிறகு வேட்டி கட்டிக்கொண்டு சாப்பிட உட்காருங்கள்.