டயப்பருக்குள் வேட்டித் துணி வைத்தும் படுக்கை நனைகிறதா?

துணியை டயப்பருக்கு வெளியே கொண்டுவாருங்கள். அப்பாவுக்குப் பழைய வேட்டியை நாலாக மடித்து உள்ளே வைத்தும் விடியற்காலை 3 மணிக்கு மெத்தை நனைகிறது என்றீர்கள். அந்த மடிப்புதான் காரணமாக இருக்கும். தடித்த துணி தொடையோர எலாஸ்டிக்கைத் தூக்கிவிடும். அந்தச் சந்தில் சிறுநீர் வழிந்துவிடும். உறிஞ்சும் ஜெல் இருப்பது டயப்பரில், வேட்டியில் இல்லை.

அடுத்த முறை மாற்றும்போது பாருங்கள். துணி சொட்டச் சொட்ட இருந்து டயப்பர் நடுவில் தட்டையாகக் கிடந்தால் துணிதான் காரணம், சந்தேகமே வேண்டாம். டயப்பரே உப்பிக் கனத்திருந்தால் அதன் கொள்ளளவு போதவில்லை. நடு இரவில் ஒருமுறை மாற்றுங்கள், அல்லது அடிப்பக்கம் பிளாஸ்டிக் இல்லாத கூடுதல் பேட் ஒன்றை டயப்பருக்குள் வையுங்கள். மாதவிடாய் நாப்கின் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் அடி சிறுநீரைக் கீழே விடாது.

ஆண்களுக்கு இன்னொன்று: ஒட்டும்போது ஆணுறுப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் இடுப்பு வழியாக ஒழுகும். எங்கள் வீட்டில் இது புரிவதற்குள் இரண்டு மெத்தை போயிற்று!

வேட்டியை ரப்பர் ஷீட்டுக்கு மேல் விரித்துவிடுங்கள். பகலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது துணி மட்டுமே போதும், ஈரமானதும் மாற்றினால் சரி. துவைக்கையில் கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள், உறிஞ்சும் திறன் குறையும்.

திடீரென்று இப்படி ஆரம்பித்திருந்தாலோ, எரிச்சல், காய்ச்சல், தோல் உரிதல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். நனைகிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.